கரை கடந்த புயலும் உள்மாவட்ட உழவர்களும்

“புயல் கரையைக் கடந்தது, படிப்படியாக வலுவிழந்து வருகிறது” என்று வானொலியில் செய்தி வந்ததும், கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உழவர் நிம்மதியாக மூச்சு விடுகிறார். புயல் என்றால் அது கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் உரியது என்பது தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலை, திண்டுக்கல் போன்ற உள்மாவட்டங்களில் பலரும் கொண்டுள்ள எண்ணம். ஆனால் உள்மாவட்டங்களில் பயிரும் கால்நடையும் அழிவது பெரும்பாலும் அந்தச் செய்தி வந்த பிறகுதான். “வலுவிழந்தது” என்ற சொல் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த இழப்பில் ஒரு பகுதியைத் தவிர்க்கலாம்.

புயலுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது?

கடலின் மேற்பரப்பு நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கும்போது ஏராளமான நீர் ஆவியாகி மேலே எழுகிறது. உயரத்தில் அது குளிர்ந்து மழைத்துளியாக மாறும்போது, தன்னுள் அடக்கி வைத்திருந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. இந்த வெப்பத்தால் காற்று மேலும் வேகமாக மேலெழுகிறது; அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று பாய்ந்து வருகிறது. பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராக வராமல் வளைந்து சுழல்கிறது. வங்கக் கடலில் புயல், அமெரிக்கக் கரையோரத்தில் ஹரிகேன், சீனா, ஜப்பான் பகுதிகளில் டைஃபூன் எனப் பெயர்கள் வேறுபட்டாலும் எல்லாம் ஒன்றே.

ஆக, சூடான கடல் நீர்தான் புயலுக்குத் தீனி. தரையில் ஏறியதும் அந்தத் தீனி நின்றுவிடுகிறது. மரங்களும் கட்டடங்களும் குன்றுகளும் காற்றைத் தடுக்கின்றன. எனவே காற்றின் வேகம் சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்குகிறது. இதைத்தான் “வலுவிழந்தது” என்கிறார்கள்.

பெயர் காற்றுக்கு, மழைக்கு அல்ல

வானிலைத் துறை இந்தச் சுழல்களுக்குப் பெயரிடுவது காற்றின் வேகத்தை மட்டும் வைத்துத்தான். மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை காற்று வீசினால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 முதல் 88 வரை புயல். 89 முதல் 117 வரை தீவிரப் புயல். அதற்கு மேலும் படிகள் உண்டு. இந்த அளவுகளில் எதிலும் மழையின் அளவு சேரவில்லை.

புயல் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக மாறியது என்றால் காற்று தணிந்தது என்றுதான் பொருள். பல நாட்கள் கடல்மேல் சுழன்று திரட்டிய நீராவி அப்படியே மேகத்தில் இருக்கிறது. போதாததற்குச் சுழலின் வடபுறத்தில் வீசும் கிழக்குக் காற்று கடலிலிருந்து புதிய ஈரத்தைத் தொடர்ந்து தரைக்குள் கொண்டுவந்துகொண்டே இருக்கிறது. அந்த ஈரம் எங்காவது இறங்கியாக வேண்டும். எங்கே இறங்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு: புயல் நகரும் வேகமும், அதன் வழியில் இருக்கும் மலையும்.

வேகமாகச் சென்ற கஜா

காற்று வீசும் வேகம் வேறு. புயல் இடம்விட்டு இடம் நகரும் வேகம் வேறு. முன்னது ராட்டினம் சுற்றும் வேகம் போன்றது. பின்னது அந்த ராட்டினத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் வேகம் போன்றது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. அப்போது காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. கஜா எங்கும் நிற்காமல் வேகமாக மேற்கு நோக்கிச் சென்றது. காற்று தணிய நேரம் கிடைப்பதற்குள் அது திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களைக் கடந்து புதுக்கோட்டைக்குள் புகுந்துவிட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் தென்னையோடு பலாவும் மாவும் வாழையும் வீழ்ந்தன. புதுக்கோட்டை நகரம் நாகப்பட்டினத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கும் மரங்களும் மின்கம்பங்களும் முறிந்தன. பிறகு திண்டுக்கல் மாவட்டத்தையும் கேரளத்தையும் தாண்டி அந்தச் சுழல் அரபிக் கடலில் இறங்கியது.

வேகமாக நகரும் புயல் காற்றை உள்ளே கொண்டு வரும் என்பதே கஜா காட்டிய பாடம்.

நின்றுவிட்ட ஃபெஞ்சல்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர். கஜாவோடு ஒப்பிட்டால் சிறிய புயல். ஆனால் கரை ஏறிய பிறகு மறுநாள் முற்பகல் வரை அது ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது. அந்த ஒரு நாள் மழையில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 செ.மீ., புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல் பதிவாயின.

டிசம்பர் 1 நண்பகல் வாக்கில் புயல் வலுவிழந்து ஆழ்ந்த தாழ்வு மண்டலம் ஆனது. மெல்ல மேற்கே நகர்ந்தது. உள்மாவட்டங்களின் துன்பம் அதன் பிறகே தொடங்கியது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ., தருமபுரி மாவட்டம் அரூரில் 33 செ.மீ., ஏற்காட்டில் 20 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஊத்தங்கரை கடலிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையில் பாதிக்கும் மேல் அங்கே ஒரே நாளில் பெய்துவிட்டது. நிரம்பி வழிந்த ஏரி நீர், நிறுத்தியிருந்த பேருந்துகளையும் வேன்களையும் இழுத்துச் சென்றது. அதே டிசம்பர் 1 அன்று, கடலிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர்.

இத்தனையும் நடந்தபோது அந்தச் சுழலுக்குப் “புயல்” என்ற பெயரே இல்லை.

மலைக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு

சமவெளியில் வரும் ஈரக் காற்று மலையில் மோதினால் மேலே ஏறுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. ஏற ஏறக் குளிர்கிறது. குளிரக் குளிர மழையாகிறது. சவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை, சேர்வராயன் மலை ஆகியவை வங்கக் கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்றுக்கு எதிரே சுவர்போல நிற்கின்றன. எனவே கடற்கரைக்கும் இந்த மலைகளுக்கும் நடுவே இருக்கும் ஊர்களைவிட மலையை ஒட்டிய ஊர்களில் சில நேரம் அதிக மழை கிடைக்கிறது. தொலைவில் இருக்கிறோம் என்பது பாதுகாப்பு ஆகாது.

அமெரிக்காவிலும் இதுவே அனுபவம். 2024 செப்டம்பர் 26 இரவு ஃபுளோரிடா மாநிலக் கரையைக் கடந்த ஹெலீன் ஹரிகேன், அங்கிருந்து சுமார் 600 கிலோமீட்டர் வடக்கே உள்ள வட கரோலினா மாநிலத்தின் மலைப்பகுதியில் பெருவெள்ளத்தை உண்டாக்கியது. புயல் வருவதற்கு முன்பே அங்கு பெய்த மழையில் மண் ஊறிப் போயிருந்தது. எல்லா மழையும் சேர்ந்து சில இடங்களில் 75 செ.மீ.யைத் தாண்டியது. கடலையே பார்க்க முடியாத அந்த மாநிலத்து மலை ஊர்களிலும் பள்ளத்தாக்குகளிலும் பலர் உயிரிழந்தனர்.

மழை நின்ற பிறகு வரும் வெள்ளம்

ஒரு செ.மீ. மழை என்பது கேட்பதற்குச் சிறியது. ஆனால் ஓர் ஏக்கரில் ஒரு செ.மீ. மழை பெய்தால் அது சுமார் 40,000 லிட்டர் நீர். 50 செ.மீ. பெய்தால் ஏக்கருக்கு 20 இலட்சம் லிட்டர். நூறு ஏக்கர் நிலத்தின் நீர் ஓர் ஓடையில் சேர்ந்தால் 20 கோடி லிட்டர். வறண்டு கிடந்த மண் முதலில் பெய்யும் மழையைக் குடித்துக்கொள்ளும். ஏற்கனவே நனைந்து ஊறிய மண் குடிக்காது. பெய்வதில் பெரும்பகுதி அப்படியே ஓடிவிடும்.

ஊத்தங்கரை, அரூர் பகுதிகளின் நீர் தென்பெண்ணை ஆற்றுக்குத்தான் போகவேண்டும். அந்த நீர் சாத்தனூர் அணைக்கு வந்து சேர்ந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் திறக்க நேர்ந்தது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றோரக் கிராமங்களும் வயல்களும் மூழ்கின. கடலிலிருந்து மலைக்குப் போன நீர், மலையிலிருந்து மறுபடியும் அதே கடற்கரைக்குத் திரும்பியது. முதல் நாள் புயலுக்குத் தப்பிய வயலை அடுத்த நாள் ஆறு கொண்டுபோனது.

ஆகவே ஆற்றோர உழவர் தன் ஊரில் வானம் வெளுத்துவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதாது. தன் ஆற்றின் மேற்பகுதியில் எந்த மாவட்டங்கள் இருக்கின்றன, அங்கே எவ்வளவு மழை பெய்தது என்பதையும் கேட்டறிய வேண்டும். ஏரிப் பாசன ஊர்களுக்கும் இது பொருந்தும். ஏரிகள் சங்கிலிபோல ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. மேல் ஏரி உடைந்தால் அதன் நீர் முழுவதும் ஒரே நேரத்தில் கீழ் ஏரியில் விழுகிறது; அந்தக் கரையும் தாங்காது.

மழையைத் தராத புயலும் உண்டு

கடலில் புயல் இருக்கிறது என்றாலே மழை வரும் என்று உரத்தை இறைத்துவிட்டு, மானாவாரி விதையைத் தூவிவிட்டுக் காத்திருப்பதும் தவறு. கரையை நெருங்காமல் ஒடிசா, வங்காளம் நோக்கிச் செல்லும் புயல், ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அப்போது தமிழ்நாட்டில் வறண்ட மேற்குக் காற்றும் வெயிலும் மிஞ்சும். 2019 மே 3 அன்று ஒடிசாவின் புரி அருகே கரை கடந்த ஃபானி புயலை எதிர்பார்த்து ஏமாந்த விவசாயிகள் பலர். புயல் இருக்கும் இடத்தைவிட அது செல்லும் திசை முக்கியம்.

பருவத்துக்கு முன் செய்ய வேண்டியவை

ஐப்பசி அடைமழைக்கு முன்பே வயலின் வடிகால்களைத் தூர் வாரி, அவை பொது வாய்க்காலில் சேரும் இடம்வரை அடைப்பு நீக்க வேண்டும். ஒருவர் வயலில் மட்டும் வடிகால் எடுத்தால் பயன் குறைவு. அக்கம்பக்கத்தார் கூடிச் செய்ய வேண்டும்.

ஏரிக் கரையில் எலி வளை, நண்டு வளை இருந்தால் அடைக்க வேண்டும். கலிங்கில் முள்ளும் செடியும் மண்டியிருந்தால் அகற்ற வேண்டும். கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கி அதிக நீர் தேக்கும் வழக்கம் சில ஊர்களில் உள்ளது. புயல் மழையின்போது கரை உடைய அதுவே காரணமாகிவிடும்.

பயிர்க் காப்பீட்டைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடக் கூடாது. புயல் சின்னம் உருவான பிறகு அலுவலகத்துக்கு ஓடிப் பயனில்லை.

எச்சரிக்கை வந்ததும்

புயல் கரை கடப்பதற்குச் சுமார் 12 மணி நேரம் முன்பாக, கரை கடந்த பின் அது எந்த மாவட்டங்கள் வழியே செல்லும் என்ற முன்னறிவிப்பையும் வானிலைத் துறை தருகிறது. உள்மாவட்ட உழவர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டியது இதைத்தான். மாவட்டவாரியான மழை எச்சரிக்கையில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் அபாயம் கூடுவதைக் காட்டும். ஒரு நாளில் சுமார் 6 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை.

நெல்: அறுவடைக்குத் தயாரான கதிரை உடனே அறுத்து, நெல்லை மேடான இடத்தில் சேர்க்க வேண்டும். இளம் பயிரில் தேங்கியிருக்கும் நீரை முன்கூட்டியே வடித்துவிடலாம். மேலுரம் இடுவதையும் மருந்து தெளிப்பதையும் நிறுத்தி வைக்க வேண்டும். இல்லையேல் பணம் வெள்ளத்தோடு போகும்.

வாழை: முற்றிய தார்களை வெட்டிவிட வேண்டும். மற்றவற்றுக்குச் சவுக்கு அல்லது மூங்கில் கழிகளால் முட்டுக் கொடுத்து, அடிமரத்தில் மண் அணைக்க வேண்டும். காய்ந்த இலைகளைக் கழித்தால் காற்றின் பிடி குறையும்.

தென்னை: முற்றிய தேங்காய்களையும் இளநீரையும் பறித்து, காய்ந்த மட்டைகளை வெட்டித் தலைப்பாரத்தைக் குறைக்க வேண்டும். முன்னதாக மூன்று நான்கு நாட்கள் நீர் பாய்ச்சாமல் இருப்பது நல்லது. மண் ஊறிக் குழைந்திருந்தால் மிதமான காற்றுக்கே மரம் வேரோடு சாயும்.

கரும்பு: சோகை உரித்து, எதிரெதிர் வரிசைகளைச் சேர்த்து விட்டம் கட்ட வேண்டும்.

மரவள்ளி, மஞ்சள்: உள்மாவட்டங்களில் அதிகம் பாதிக்கப்படுபவை இவை. நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். பார்களுக்கு இடையே நீர் ஓட வழி செய்து, வயலைச் சுற்றி ஆழமான வாய்க்கால் எடுக்க வேண்டும்.

கால்நடை: ஓடைக்கரையிலும் ஏரியின் கீழும் உள்ள கொட்டகைகளிலிருந்து மாடுகளை மாலையிலேயே மேட்டுக்கு ஓட்டிவிட வேண்டும். இரவில் வெள்ளம் வந்தால் கட்டுத்தறியில் இருக்கும் மாட்டைக் கழுத்துக் கயிறே கொன்றுவிடும். ஓட்டிச் செல்ல முடியாத நிலையில் கயிற்றை அவிழ்த்து விட்டால் நீந்தியாவது பிழைக்கும். நான்கைந்து நாளைக்கு உலர்தீவனம் நனையாத இடத்தில் இருக்கட்டும்.

மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை முன்பே நிறுத்திவிட வேண்டும். ஆற்றோரத்தில் உள்ள மோட்டாரையும் எண்ணெய் இயந்திரத்தையும் கழற்றி மேடான இடத்தில் வைக்கலாம்.

புயல் நேரத்தில் ஓர் எச்சரிக்கை

பலத்த காற்று திடீரென நின்று வானம் அமைதியானால் புயல் முடிந்துவிட்டது என்று வெளியே போகக் கூடாது. புயலின் கண் அந்த ஊரின் மேல் இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று அடிக்கும். முதல் காற்றில் வேர் தளர்ந்த மரங்கள் இரண்டாம் காற்றில் விழும். தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடும்போது வண்டியிலோ நடந்தோ கடக்கவே கூடாது.

நீர் வடிந்த பிறகு

அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாமல் முதலில் மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சேதமான பயிரை அப்புறப்படுத்துவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலருக்கும் வேளாண்மை அலுவலருக்கும் தகவல் கொடுத்து, புகைப்படமும் எடுத்து வைக்க வேண்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைக்கலாம்.

தூர் கட்டும் பருவத்தில் மூழ்கிய நெற்பயிருக்கு, நீரை வடித்தபின் ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடலாம். மஞ்சளில் கிழங்கு அழுகல் தென்பட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு வீதம் கலந்து, தூரைச் சுற்றி மண் நனைய ஊற்ற வேண்டும்.

சாய்ந்த இளந்தென்னைகளை நிமிர்த்தி முட்டுக் கொடுத்து மண் அணைத்தால் பல பிழைத்துக்கொள்ளும். முறிந்த தென்னந்தண்டுகளைத் தோப்பிலேயே மக்க விடக் கூடாது; காண்டாமிருக வண்டு அதில் பெருகி, தப்பி நிற்கும் மரங்களையும் தாக்கும். நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடக் கூடாது.

மூன்று கேள்விகள்

அடுத்த முறை “புயல் கரை கடந்தது, வலுவிழந்தது” என்ற செய்தி வரும்போது உள்மாவட்ட உழவர் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். ஒன்று, அந்தச் சுழல் இனி எந்தத் திசையில் செல்கிறது? இரண்டு, அது வேகமாக நகர்கிறதா, நின்று நின்று நகர்கிறதா? வேகமாக நகர்ந்தால் தென்னைக்கும் வாழைக்கும் காற்றினால் ஆபத்து; மெதுவாக நகர்ந்தால் வயலுக்கும் ஏரிக்கும் மழையினால் ஆபத்து. மூன்று, தன் ஊருக்கும் தன் ஆற்றின் மேற்பகுதிக்கும் எவ்வளவு மழை சொல்லப்பட்டிருக்கிறது?

இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு படுக்கப் போகலாம். தெரியாவிட்டால், அன்று இரவு மாட்டை மேட்டில் கட்டிவிட்டுப் படுப்பதே நல்லது.